டாக்டர் ஹூ: ஊர் ஊரா போன ஃபிலிம் டப்பாக்கள் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர் "டிவி உலகத்துல கிடைச்ச பெரிய புதையல் எது அக்கா"ன்னு கேட்டதுக்கு, "நைஜீரியால ஒரு டிவி ரிலே ஸ்டேஷன்ல கிடைச்ச டாக்டர் ஹூ எபிசோடுங்க"ன்னு ஒரே வரில பதில் போட்டிருந்தேன். அதுக்கப்புறம் வந்ததுல பாதிக்கு மேல இதே கேள்விதான், லண்டன்ல எடுத்த சீரியல் நைஜீரியாவுக்கு எதுக்கு போச்சு, எடுத்த பிபிசி கிட்டயே ஏன் இல்லாம போச்சுன்னு. ஒரு வரில முடிக்கிற விஷயம் இல்ல இது. அதனால இந்த தடவை முழு பகுதியும் டாக்டர் ஹூவுக்கே, எனக்கு ரொம்ப பிடிச்ச சப்ஜெக்ட் வேற, நீளமா போனா பொறுத்துக்கங்க. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: காலத்துலயும் விண்வெளியிலயும் பயணம் போற 'டாக்டர்'ங்கிற ஒருத்தரை பத்தின பிபிசி சீரியல் இது, அந்த வேஷத்துல நடிகருங்க மாறிக்கிட்டே வருவாங்க.

கேள்வி: அக்கா, நான் புது டாக்டர் ஹூ மட்டும்தான் பார்த்திருக்கேன். பிரிட்டன் தாண்டி இது முதல்ல எந்த நாட்டுக்கு போச்சு?

நியூசிலாந்துக்கு தம்பி. பிபிசில முதல் எபிசோட் வந்தது 1963 நவம்பர் 23, அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை சுட்டுக் கொன்னதுக்கு மறுநாள். ஊரே அந்த சோகத்துல இருந்ததால அடுத்த வாரம் ரெண்டாவது எபிசோடுக்கு முன்னாடி முதல் எபிசோடை மறுபடி போட்டாங்க. ஒரு வருஷம்கூட ஆகல, 1964 செப்டம்பர் 18ஆம் தேதி நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் ஸ்டேஷன்ல வந்துருச்சு. கிறைஸ்ட்சர்ச்னு குறிப்பா சொல்றதுக்கு காரணம் இருக்கு. அப்போ அந்த நாட்டுல ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச், டனீடின்னு நாலு ஊர்லயும் தனித்தனி ஸ்டேஷன், நாலையும் இணைக்கிற லைன் எதுவும் கிடையாது. அதனால ஒரே ஃபிலிம் ஒரு ஊர்ல ஓடி முடிச்சதும் பெட்டியில போட்டு அடுத்த ஊருக்கு அனுப்புவாங்க, இந்த ஊர்ல டாக்டர் ஒரு கதைல இருப்பாரு, அந்த ஊர்ல இன்னும் முதல் கதையே ஆரம்பிச்சிருக்காது.

ஆஸ்திரேலியா 1965 ஜனவரி 12, பெர்த் நகரத்துல. மூணு நாள் கழிச்சு சிட்னி. அங்க இன்னும் சீக்கிரமே வந்திருக்க வேண்டியது, சென்சார் குறுக்க வந்ததால தள்ளிப்போச்சு. அந்த சென்சார் கதையை தனியா ஒருத்தர் கேட்டிருக்காங்க, அங்க வர்றேன். கனடாவும் அதே ஜனவரி, 23ஆம் தேதி.

கேள்வி: சேட்டிலைட் எல்லாம் இல்லாத காலத்துல எப்படி மேடம் அனுப்புனாங்க? வீடியோ டேப்பா?

டேப் இல்ல, 16 எம்எம் ஃபிலிம். இது புரிஞ்சாதான் மத்த பதில் எல்லாம் புரியும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

பிபிசி ஸ்டுடியோல சீரியலை ரெக்கார்ட் பண்ணது ரெண்டு இஞ்ச் அகல வீடியோ டேப்புல. டிவி படம் படுக்கைக் கோடு கோடாதான் திரையில வரும், பிரிட்டன்ல அப்போ 405 கோடு கணக்கு, வேற நாட்டுல 625, அமெரிக்கா கனடா பக்கம் 525. ஒரு நாட்டு டேப்பை இன்னொரு நாட்டு மெஷின்ல போட்டா ஓடாது, போதாக்குறைக்கு அந்த மெஷினே பல நாட்டுல கிடையாது. ஆனா ஃபிலிம் ஓட்டுற வசதி உலகத்துல எல்லா டிவி ஸ்டேஷன்லயும் இருந்துச்சு. அதனால பிபிசில ஒரு வேலை பண்ணாங்க, டேப்பை ஓடவிட்டு, அது தெரியிற தட்டையான மானிட்டருக்கு எதிர்ல ஃபிலிம் கேமராவை வச்சு அப்படியே படம் பிடிச்சாங்க. டெலிரெக்கார்டிங்னு பேரு. அந்த நெகட்டிவ்ல இருந்து எத்தனை பிரின்ட் வேணும்னாலும் போடலாம்.

பிரின்ட் போட காசு ஆகும் இல்லையா, அதனால நாட்டுக்கு நாடு புதுசா போடல. ஒரு நாட்டுக்கு ஒரு செட் போகும், அங்க ஒப்பந்தப்படி ஓட்டி முடிச்சதும் மூணு வழிதான், ஒன்னு பிபிசிக்கே திருப்பி அனுப்பணும், இல்ல அழிச்சிட்டு அழிச்சாச்சுன்னு எழுதிக் குடுக்கணும், இல்ல பிபிசி சொல்ற அடுத்த நாட்டுக்கு அனுப்பி வைக்கணும். இப்படித்தான் ஒரே ஃபிலிம் டப்பா நாடு நாடா கை மாறிப் போச்சு. சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து, சைப்ரஸ், மால்டா, ஜிப்ரால்டர், பார்படோஸ், ஜமைக்கா, நைஜீரியா, ஜாம்பியா, கென்யா, உகாண்டா, எத்தியோப்பியான்னு லிஸ்ட் போய்கிட்டே இருக்கும். பிரிட்டன் ஆண்ட, அப்பதான் சுதந்திரம் வாங்குன நாடுங்கதான் நிறைய. அங்கெல்லாம் டிவி ஸ்டேஷன் புதுசா ஆரம்பிச்ச நேரம், தினமும் ஓட்ட நிகழ்ச்சி வேணும், சொந்தமா எடுக்க ஆளும் பணமும் பத்தல, பிபிசி கிட்ட இங்கிலீஷ்ல ரெடியா இருந்துச்சு. ஒரு பிரின்ட் லண்டன்ல இருந்து கிளம்பி கடைசியா எந்த ஊர்ல போய் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கிறதுக்கே வாழ்க்கையில பாதியை செலவு பண்ண ஆராய்ச்சியாளருங்க இருக்காங்க. பழைய நியூஸ்பேப்பர்ல வர்ற டிவி நிகழ்ச்சி பட்டியலை வாரம் வாரமா உட்கார்ந்து படிச்சு, எந்த ஊர்ல எந்த தேதி எந்த எபிசோட் ஓடிச்சுன்னு குறிச்சு வச்சிருக்காங்க. அந்த உழைப்பை நினைச்சா எனக்கு நிஜமாவே கை கூப்பத் தோணும்.

கேள்வி: பிபிசி எவ்ளோ பெரிய நிறுவனம், அவங்க ஏன் அக்கா சொந்த நிகழ்ச்சியையே அழிச்சாங்க? நம்பவே முடியல.

எனக்கும் முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஆனா அந்த காலத்து கணக்கை பார்க்கணும். ரெண்டு இஞ்ச் டேப் ரொம்ப விலை, அழிச்சிட்டு மறுபடி ரெக்கார்ட் பண்ணலாம். வீட்ல வச்சுப் பார்க்கிற வீடியோ கேசட் எல்லாம் யாரும் கனவுலகூட நினைக்கல. நடிகர் சங்கத்தோட போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு ரிப்பீட் போட முடியாது. கலர் வந்தப்புறம் பழைய கறுப்பு வெள்ளையை யாரு கேப்பாங்கன்னு ஒரு எண்ணம். அதனால 1967ல இருந்து டேப்புங்களை வரிசையா அழிச்சாங்க. ஃபிலிம் பிரின்ட் இருக்கேன்னா, அது வெளிநாட்டு விற்பனை பண்ற பிரிவோட சொத்து, விற்கிற உரிமை முடிஞ்சதும் அவங்களும் குப்பைல போட்டாங்க, ஆவணக் காப்பகத்துல ஒரு காப்பி இருக்கும்னு இவங்க நினைச்சாங்க, விற்பனை பிரிவுல இருக்கும்னு அவங்க நினைச்சாங்க. 1978 வரைக்கும் இதுதான் நடந்துச்சு.

முதல் ரெண்டு டாக்டருங்க வில்லியம் ஹார்ட்னெல், பேட்ரிக் ட்ரௌட்டன், அவங்க காலத்துல 1963ல இருந்து 1969 வரை வந்தது மொத்தம் 253 எபிசோட். வருஷக்கணக்கா தேடித்தேடி சேர்த்து, 2013ல நைஜீரியா புதையலும் கைக்கு வந்தப்புறம்கூட 97 எபிசோட் இல்லாம இருந்துச்சு. மிச்சம் இருக்குறதுல எத்தனையோ எபிசோட், வெளிநாட்டுக்கு போன பிரின்ட் இருந்ததால மட்டும்தான் இன்னைக்கு இருக்கு. வீட்ல தூக்கிப் போட்டதை தூரத்து ஊர்ல இருந்தவங்க பத்திரமா வச்சிருந்தாங்க. சில இடத்துல தெரிஞ்சே வச்சிருந்தாங்க, சில இடத்துல மறந்து போனதால தப்பிச்சுது.

கேள்வி: அந்த நைஜீரியா கதையை முழுசா சொல்லுங்கக்கா, ப்ளீஸ்.

சொல்றேன்மா. நைஜீரியால ரெண்டு தடவை கிடைச்சிருக்கு. முதல் தடவை 1984 வாக்குல, தி டைம் மெட்லர், தி வார் மெஷின்ஸ்ங்கிற ஹார்ட்னெல் கதைங்களோட பிரின்ட் அங்க இருந்து வந்துச்சு. அதோட அங்க முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

பிலிப் மாரிஸ்னு ஒருத்தர், தொலைஞ்சு போன டிவி நிகழ்ச்சிகளை தேடுறதையே வேலையா வச்சிருக்கவர், ஆப்பிரிக்கா டிவி ஸ்டேஷன் ஒவ்வொன்னா நேர்ல போய் பார்த்தாரு. நைஜீரியாவோட நடுப்பகுதியில ஜாஸ்னு ஒரு ஊர், அங்க இருக்குற ரிலே ஸ்டேஷன்ல ஒரு ஸ்டோர் ரூம், அலமாரில தூசி படிஞ்ச ஃபிலிம் டப்பாங்க. அதுல டாக்டர் ஹூ மொத்தம் 11 எபிசோட், அதுல 9 உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. மொத்தம் ரெண்டு கதை, ரெண்டுமே ட்ரௌட்டன் நடிச்சது. தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட், இதுல அவருக்கு டபுள் ரோல், டாக்டரும் அவர்தான், உலகத்தை ஆளப் பார்க்குற சாலமாண்டர்ங்கிற வில்லனும் அவர்தான். இன்னொன்னு தி வெப் ஆஃப் ஃபியர், லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள்ள எட்டிங்கிற பனிமனிதன் உருவ ரோபோக்கள் நடமாடுற கதை.

2013 அக்டோபர் 10 அறிவிச்சாங்க, தொடரோட 50ஆவது வருஷம் வேற, அன்னைக்கு ராத்திரியே ஐட்யூன்ஸ்ல வந்துருச்சு. எனிமி முழுசா 6 எபிசோடும் சேர்ந்துருச்சு. வெப் ஆஃப் ஃபியர்ல மட்டும் 3ஆவது எபிசோட் வரல. அதுலதான் பின்னாடி பிரிகேடியரா ஆகப்போற லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் முதல்முதலா டாக்டரை சந்திக்கிறாரு, பல வருஷம் கூடவே வர்ற முக்கியமான கேரக்டர். ஜாஸ்ல பார்க்கும்போது அந்த 3ஆவது டப்பாவும் இருந்துச்சு, லண்டனுக்கு அனுப்புறதுக்கு நடுவுல காணாம போச்சுன்னு மாரிஸே பின்னாடி சொன்னாரு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

சின்ன விஷயம் ஒன்னு, அந்த எனிமி கதைக்கு ரசிகருங்க கிட்ட அதுவரைக்கும் பெரிய மதிப்பு கிடையாது. ஒரே ஒரு எபிசோட் மட்டும் மிஞ்சி இருந்துச்சு, அதுவும் மந்தமான எபிசோட், அதை வச்சு மொத்த கதையும் சுமார்னு முடிவு பண்ணிட்டாங்க. முழுசா பார்த்ததும் ட்ரௌட்டனோட சிறந்த கதைங்கள்ல ஒன்னுன்னு பேச ஆரம்பிச்சாங்க. மிச்சம் இருந்த துண்டை வச்சு முழுசுக்கும் தீர்ப்பு சொன்னது தப்பா போச்சு.

கேள்வி: ஆஸ்திரேலியா சென்சார் வெட்டுன துண்டெல்லாம் கிடைச்சதாமே, உண்மையா?

உண்மை, இந்த மொத்த வரலாறுலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான்.

ஆஸ்திரேலியால ஏபிசி சேனல் வாங்குற ஒவ்வொரு எபிசோடையும் அரசாங்க சென்சார் போர்டு பார்க்கும். ஆரம்பக் கதைங்களையே பெரியவங்களுக்கு உரியதுன்னு ரேட் பண்ணிட்டாங்க, அப்போ குழந்தைங்க பார்க்கிற சாயங்கால நேரத்துல போட முடியாது, அதனாலதான் அங்க ஆரம்பிக்கிறதே தள்ளிப்போச்சு. அப்புறம் வந்ததுல பயமுறுத்துற இடம், கழுத்தை நெரிக்கிற இடம், கத்தி குத்துற இடம் எல்லாம் கட். சில விநாடிதான் ஒவ்வொன்னும். அப்படி வெட்டுன துண்டு சென்சார் ஆபீஸ் கோப்புலயே இருக்கும், தூக்கிப் போட மாட்டாங்க.

1996ல ரெண்டு ஆஸ்திரேலிய ரசிகருங்க அந்த நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்துல தேடி அந்த துண்டுங்களை கண்டுபிடிச்சாங்க. முழு எபிசோட் உலகத்துல எங்கயும் இல்ல, ஆனா அதுல சென்சார் வெட்டுன இடம் மட்டும் பத்திரமா இருக்கு! குழந்தைங்க பார்க்கவே கூடாதுன்னு எடுத்த காட்சிதான் இன்னைக்கு மிஞ்சி நிக்குது. தி ஹைலேண்டர்ஸ்ல தூக்குல போடப் போற இடம், தி ஸ்மக்லர்ஸ், தி மேக்ரா டெரர்ல சில இடம். ஃப்யூரி ஃப்ரம் தி டீப்ல ஓக், குவில்னு ரெண்டு பேர், பழுது பார்க்க வந்தவங்க மாதிரி ஒரு வீட்டுக்குள்ள வந்து, அங்க இருக்குற அம்மாவை பார்த்து மெதுவா வாயைத் திறந்து விஷக்காத்தை ஊதுவாங்க. ரத்தம் கிடையாது, அடிதடி கிடையாது, ரெண்டு முகம் மட்டும்தான். அந்த துண்டை பார்த்துட்டு ஏன் வெட்டுனாங்கன்னு எனக்கு புரிஞ்சுது, அவ்ளோ பயமா இருக்கும். அந்த கதைல ஒரு முழு எபிசோட்கூட கிடைக்கல.

இதுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. தி அண்டர்வாட்டர் மெனஸ் 2ஆவது எபிசோட் கிடைச்சதா 2011 டிசம்பர்ல அறிவிச்சாங்க, இங்கிலாந்துல ஒரு பழைய டிவி இன்ஜினியர் கிட்ட இருந்து, அவர் 1980கள்ல ஒரு திருவிழாச் சந்தையில ஃபிலிமோட ஃபிலிமா வாங்கி வச்சிருந்தது. ஓட்டிப் பார்த்தா நடுநடுவுல கொஞ்சம் கொஞ்சம் காணோம். காணாத இடமும் ஆஸ்திரேலியா சென்சார் துண்டும் கச்சிதமா பொருந்துச்சு. அதாவது அந்த பிரின்ட் ஒரு காலத்துல ஆஸ்திரேலியா போய் வெட்டுப்பட்டு பிரிட்டனுக்கே திரும்பி வந்தது. வெட்டுன துண்டும் வெட்டுப்பட்ட ஃபிலிமும் நாற்பது வருஷத்துக்கு மேல தனித்தனியா இருந்துட்டு திரும்ப ஒன்னு சேர்ந்துச்சு.

இதே மாதிரி நியூசிலாந்து சென்சார் வெட்டுன துண்டும் 2002ல கிடைச்சுது.

கேள்வி: ஹாங்காங்ல கிடைச்சது எது?

தி டூம் ஆஃப் தி சைபர்மென், 1967ல வந்தது, 4 எபிசோடும் முழுசா. ஹாங்காங்ல ஏஷியா டெலிவிஷன் கிட்ட இருந்துச்சு, 1992 தொடக்கத்துல பிபிசி கைக்கு வந்து, சில மாசத்துலயே வீடியோ கேசட்டா போட்டாங்க. சைபர்மென்ங்கிற பாதி மனுஷன் பாதி மெஷின் வில்லனுங்க கல்லறைக்குள்ள இருந்து பிளாஸ்டிக் உறையை கிழிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வர்ற சீன், 25 வருஷமா வாய்வழியா மட்டும் கேட்டுக்கிட்டு இருந்த சீன் அது. சைப்ரஸ்ல இருந்தும் 1984ல தி ரெய்ன் ஆஃப் டெரர் கதையோட சில எபிசோட் வந்துச்சு. 1999ல தி க்ருசேட் கதையோட முதல் எபிசோட் நியூசிலாந்துல ஒரு ஃபிலிம் சேகரிப்பாளர் கிட்ட கிடைச்சுது, அந்த நாட்டு டிவியில அந்த கதையை ஓட்டவே இல்லங்கிறதுதான் ஆச்சரியம்.

கேள்வி: கனடால 26 எபிசோடோட நிறுத்திட்டாங்களாமே, ஏன் பிடிக்கலையா?

கனடாவோட சிபிசி சேனல் அவ்ளோதான் ஓட்டுச்சு, முதல் அஞ்சு கதை, 4, 7, 2, 7, 6னு கூட்டிப் பாருங்க 26 வரும். ஆனா கனடாக்காரங்களுக்கு டாக்டர் திரும்ப கிடைச்ச விதம் அழகு. 1976ல டிவிஒன்டாரியோன்னு ஒரு கல்வி சேனல் எடுத்துச்சு, தி த்ரீ டாக்டர்ஸ் கதைல இருந்து ஆரம்பிச்சாங்க. கல்வி சேனல் இல்லையா, சும்மா சீரியலை மட்டும் போடக்கூடாதுன்னு, எபிசோட் முடிஞ்சதும் ஒருத்தர் வந்து அதுல வந்த அறிவியல், சமூக விஷயத்தை பத்தி பேசுவாரு. முதல்ல ஜிம் டேட்டர்னு எதிர்காலவியல் பேராசிரியர், அப்புறம் ஜூடித் மெரில்னு அறிவியல் புனைகதை எழுத்தாளர். குழந்தைங்க சீரியல்னு ஒதுக்காம அதை வச்சு யோசிக்க சொல்லிக் குடுத்தாங்க பாருங்க, அதை எல்லா சேனலும் பண்ணியிருக்கலாம்.

கேள்வி: அமெரிக்கால இதுக்கு ரசிகர் கூட்டம் எப்படி வந்துச்சு? ஸ்டார் ட்ரெக் ஊர்ல இது எப்படி எடுபட்டுச்சு?

சட்டுனு எடுபடல. 1972ல டைம் லைஃப் நிறுவனம் மூணாவது டாக்டரா ஜான் பெர்ட்வீ நடிச்ச கதைங்களை அங்கங்க இருக்குற ஸ்டேஷனுக்கு வித்துச்சு, பெருசா ஓடல. 1978ல நாலாவது டாக்டர் டாம் பேக்கரோட நாலு சீசன், 98 எபிசோட், மறுபடி முயற்சி பண்ணாங்க. அமெரிக்கா ஆடியன்ஸுக்கு புரியாதோன்னு ஹோவர்ட் டா சில்வாங்கிற நடிகரை வச்சு ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்கதை சொல்ல வச்சாங்க, விளம்பரத்துக்கும் இந்த பேச்சுக்கும் இடம் வேணும்னு எபிசோட்ல கொஞ்சம் கொஞ்சம் வெட்டினாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்கல, மர்மம் மெதுவா அவிழற சீரியலுக்கு முன்னாடியே வந்து விளக்கம் சொல்லக்கூடாது.

ஆனா பொது நிதியில நடக்குற பிபிஎஸ் ஸ்டேஷனுங்க எடுத்ததும்தான் கதை மாறுச்சு. அங்க பார்வையாளருங்க நன்கொடை குடுத்தாதான் ஸ்டேஷன் ஓடும், டாக்டர் ஹூ ரசிகருங்க போன் பண்ணி பண்ணி நன்கொடை குடுத்தாங்க, நேர்ல வந்து போன் எடுக்குற வேலையும் பார்த்தாங்க. ஒரு கதையோட எல்லா எபிசோடையும் ஒட்டி முழு சினிமா மாதிரி ராத்திரில போடுற வழக்கமும் அங்கதான் பரவுச்சு. பிரிட்டன்ல வாரம் 25 நிமிஷம் பார்த்து அடுத்த வாரம் வரை பதறிக்கிட்டு இருந்தது ஒரு அனுபவம், அமெரிக்கால ரெண்டு மணி நேரம் ஒரே மூச்சுல பார்த்தது வேற அனுபவம். ரெண்டு ஊர் ரசிகருங்களும் அதே கதையை பத்தி பேசும்போது ஒத்துப்போகாம இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

சிகாகோல டபிள்யூடிடிடபிள்யூ ஸ்டேஷன் இதுல பெரிய பேரு. 1987 நவம்பர் 22 ராத்திரி அங்க ஹாரர் ஆஃப் ஃபாங் ராக் ஓடிக்கிட்டு இருக்கும்போது யாரோ சிக்னலை கடத்தி, மேக்ஸ் ஹெட்ரூம்ங்கிற டிவி கேரக்டரோட முகமூடி போட்ட ஒரு ஆள் ஒன்றரை நிமிஷம் திரையில ஆடிட்டு போனாரு. யாருன்னு பிடிபடவே இல்ல.

கேள்வி: பிரிட்டனுக்கு முன்னாடி வேற நாட்டுல வந்த எபிசோட் உண்டா?

உண்டு. 20ஆவது வருஷ ஸ்பெஷல் தி ஃபைவ் டாக்டர்ஸ், சரியா பிறந்தநாள் அன்னைக்கு 1983 நவம்பர் 23ல அமெரிக்கால சில ஸ்டேஷன்ல வந்துச்சு, பிரிட்டன்ல 25ஆம் தேதிதான். 1988ல சில்வர் நெமிசிஸ் மூணு எபிசோடையும் நியூசிலாந்துல நவம்பர் 25 ஒரே நாள்ல போட்டுட்டாங்க, பிரிட்டன்ல அப்போ முதல் எபிசோட் மட்டும்தான் முடிஞ்சிருந்துச்சு, கடைசி எபிசோட் வந்தது டிசம்பர் 7. 1996 டிவி படம் வான்கூவர்ல எடுத்தது, முதல்ல வந்தது கனடாவோட எட்மன்டன்ல மே 12, அமெரிக்கால ஃபாக்ஸ் சேனல்ல 14, பிரிட்டன்ல 27.

கேள்வி: பெர்ட்வீ எபிசோட் சிலது கறுப்பு வெள்ளைல இருந்து கலரா மாத்துனாங்கன்னு கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர்ல பெயிண்ட் பண்ணதா?

பெரும்பாலும் பெயிண்ட் இல்ல, உண்மையான கலரையே மீட்டது. 1970ல இருந்து டாக்டர் ஹூ கலர், ஆனா அந்த கலர் டேப் நிறைய அழிஞ்சுது. ஆஸ்திரேலியால கலர் டிவி வந்ததே 1975லதான், அந்த மாதிரி நாட்டுக்கு கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் போச்சு, அது மிஞ்சிச்சு. அதே சமயம் அமெரிக்கா கனடாவுக்கு கலர் டேப்பாவே போனதால சில கதை அங்க இருந்து கலர்லயே திரும்பி வந்துச்சு. தி டீமன்ஸ் கதைக்கு அமெரிக்கால ஒரு ரசிகர் வீட்ல டிவில இருந்து ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்த டேப்ல இருந்து கலரை மட்டும் எடுத்து, தெளிவான கறுப்பு வெள்ளை ஃபிலிம் மேல பொருத்தி 1992ல மீட்டாங்க.

அதைவிட அதிசயம் ஒன்னு. கலர் சிக்னலை கறுப்பு வெள்ளை மானிட்டர்ல போட்டு ஃபிலிம் எடுத்தப்போ, திரையில பொடிப்பொடியா புள்ளி மாதிரி ஒரு தொந்தரவு தெரியும், அதுவும் ஃபிலிம்ல பதிஞ்சிருச்சு. பல வருஷம் கழிச்சு சில இன்ஜினியருங்க, அந்த புள்ளிதான் கலர் தகவல்னு புரிஞ்சு அதை திருப்பிப் படிக்க ப்ரோக்ராம் எழுதினாங்க. பிளானட் ஆஃப் தி டேலக்ஸ் 3ஆவது எபிசோட் அப்படி கலருக்கு வந்ததுல ஒன்னு. தி மைண்ட் ஆஃப் ஈவில்ல 2ல இருந்து 6 வரை அந்த புள்ளி உதவுச்சு, முதல் எபிசோட்ல புள்ளி இல்ல, அதை மட்டும் ஒருத்தர் உட்கார்ந்து வர்ணம் பூசி முடிச்சாரு.

கேள்வி: வேற மொழில டப் பண்ணி வந்திருக்கா?

1960கள்லயே அரபிலயும் ஸ்பானிஷ்லயும் டப் ஆச்சு. ஜெர்மன்ல 1989ல ஆர்டிஎல் சேனல் ஏழாவது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய் கதைங்களை டப் பண்ணி போட்டுச்சு. ஜப்பான்ல 2005க்கு அப்புறம் வந்த புது தொடரை என்எச்கே போட்டுச்சு.

கேள்வி: இப்போ எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல வருதே, இது எப்ப இருந்து?

2005ல திரும்ப ஆரம்பிச்சப்போகூட அமெரிக்கால சைஃபை சேனல்ல வர ஒரு வருஷம் ஆச்சு. பொறுமை இல்லாதவங்க டவுன்லோட் பண்ணிக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி முதல் எபிசோட் ரோஸ், ஒளிபரப்புக்கு சில வாரம் முன்னாடியே கனடா பக்கமிருந்து நெட்ல கசிஞ்சுது வேற. பெரிய மாற்றம் 2013 நவம்பர் 23, தி டே ஆஃப் தி டாக்டர் 94 நாட்டுல ஒரே நேரத்துல போட்டு கின்னஸ் ரெக்கார்ட். 2023ல இருந்து பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளில டிஸ்னி பிளஸ்ல வந்துச்சு, 2024 சீசன் பிரிட்டன்ல நடுராத்திரி, அமெரிக்கால முந்தின நாள் சாயங்காலம், ரெண்டும் ஒரே நொடி. அந்த ஒப்பந்தம் 2025ல முடிஞ்சிருச்சு.

கேள்வி: இனிமேலும் கிடைக்குமா அக்கா? யார்கிட்டயாவது பழைய ஃபிலிம் டப்பா இருந்தா என்ன பண்ணணும்?

கிடைக்கும்னு நம்புறவ நான். ஆனா எல்லா கதைக்கும் ஒரே வாய்ப்பு கிடையாது. தி டேலக்ஸ் மாஸ்டர் பிளான்னு 12 எபிசோட் கதை, ஆஸ்திரேலியா சென்சார் ஏகப்பட்ட இடத்துல வெட்ட சொன்னதால அங்க ஓடல, வேற எந்த நாட்டுக்கும் விற்கவும் இல்ல. வெளிநாட்டு ஸ்டேஷன்ல அதைத் தேடி பிரயோஜனம் குறைவு. அதோட 5, 10 எபிசோடுங்க 1983ல லண்டன்லயே ஒரு சர்ச் கட்டட அடித்தளத்துல கிடைச்சுது, 2ஆவது எபிசோட் 2004ல ஒரு முன்னாள் பிபிசி இன்ஜினியர் கிட்ட. அதனால தேடுறவங்க தனியார் சேகரிப்பையும் விடாம பார்க்கிறாங்க.

டப்பா கையில கிடைச்சா முதல்ல புரொஜெக்டர்ல போட்டு ஓட்டாதீங்க. பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கும், ஓரத்துல இருக்குற ஓட்டைங்க கிழியும். மூடியை திறந்ததும் வினிகர் வாசனை வந்தா ஃபிலிம் அழிய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அதை மத்த டப்பாவுக்கு பக்கத்துல வைக்காதீங்க, அந்த ஆவி மத்ததையும் கெடுக்கும். குளிர்ச்சியா ஈரம் இல்லாத இடத்துல வச்சு, மூடி மேல ஒட்டியிருக்குற சீட்டு, ஃபிலிம் ஆரம்பத்துல எழுதியிருக்குறது எல்லாத்தையும் அப்படியே போட்டோ எடுத்து, ஒரு ஃபிலிம் காப்பகத்தை கேளுங்க. சீட்டை கிழிச்சிடாதீங்க, எந்த நாட்டுல இருந்து எந்த நாட்டுக்கு போச்சுன்னு அதுலதான் இருக்கும்.

கேள்வி: படமே இல்லாத எபிசோடை இன்னைக்கு எப்படி அனுபவிக்கிறது? கதை புத்தகமா மட்டும்தானா?

இல்லம்மா, காணாம போன ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒலி இருக்கு, ஒன்னுகூட விடாம. அந்த காலத்துல பிரிட்டன்ல பள்ளிக்கூட பசங்க சிலர் டிவி பக்கத்துல டேப் ரெக்கார்டரை வச்சு வாராவாரம் பதிவு பண்ணியிருக்காங்க. அதே மாதிரி ஜான் க்யூரான்னு ஒரு போட்டோகிராபர் டிவி திரையை படம் பிடிச்சு நடிகர், இயக்குநர் கிட்ட விக்கிறதை தொழிலா வச்சிருந்தாரு, ஒரு எபிசோடுக்கு சுமார் 60, 70 படம். அந்த ஒலியையும் படத்தையும் சேர்த்துதான் நிறைய கதையை மறு உருவாக்கம் பண்ணியிருக்காங்க, சிலது அனிமேஷனாவும் வந்துருக்கு.

மார்கோ போலோவுல இருந்து ஆரம்பிங்க. 1964ல வந்த 7 எபிசோட் கதை, ரொம்ப நிறைய நாட்டுக்கு வித்த கதைங்கள்ல ஒன்னு, ஆனா ஒரு எபிசோட்கூட எங்கயும் இருந்து திரும்பி வரல. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு ஹெட்போன்ல கேளுங்க, போலோ தன்னோட டைரியை வாசிச்சுக்கிட்டே கோபி பாலைவனத்தை கடந்து போவாரு, மணல் புயல் சத்தம் வரும். நான் அதை நாலு தடவை கேட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த பாலைவனம் எனக்கு வேற மாதிரி தெரியுது.